மூன்று முறை விழுந்த பிறகு எந்தச் சைக்கிள் வாங்குவது?

அலுவலகம், கடைத்தெரு, ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சைக்கிள், 35,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் விழுந்த கதைதான் இருக்கிறது. தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ரோடு பைக்கில் (மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில் பார் வைத்த வேக சைக்கிள்) ஐந்து மாதத்தில் மூன்று முறை விழுந்திருக்கிறீர்கள். மழை விட்ட நேரத்தில் லெவல் கிராஸிங்கில் முன் சக்கரம் சிக்கி இடது கையை ஊன்றி விழுந்தது முதல் தடவை. வீட்டு வாசலில் மெதுவாகத் திருப்பும்போது சாய்ந்து முழங்கால் சிராய்த்தது இரண்டாவது. குறுக்கே வந்த ஆட்டுக்குட்டிக்காகப் பிரேக் பிடித்து, ஹேண்டில் பாருக்கு மேலே பறந்து, தாடையில் தையல் போட்டது மூன்றாவது. "எனக்கு 43 வயதாகிறது, இனி இதெல்லாம் ஒத்துவராதோ என்று தோன்றுகிறது" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. விழுந்தது உங்களாலா, சைக்கிளாலா என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்பதற்கே பதில் சொல்ல முடியும். நாகர்கோவிலில் இருபது வருஷத்துக்கு மேல் சைக்கிள் ரிப்பேர் செய்கிறேன். ஆளுக்கேற்ற அளவு பார்த்துப் பொருத்திக் கொடுப்பதும் என் வேலை. சக்கரம், பிரேக், அளவு பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். உடம்பு பற்றிச் சொல்வது விழுந்து எழுந்து வந்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதற்கு டாக்டரின் வார்த்தைதான் கடைசி.

அந்த உடம்பு விஷயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தடவை ஊன்றி விழுந்த இடது கைக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பிவிட்டார்கள், ஆறு வாரம் ஆகியும் பெருவிரல் பக்கம் வலிக்கிறது, பிரேக் பிடித்தால் கூடுகிறது என்கிறீர்கள். பெருவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி விழும். அதில் இன்னொரு கையின் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அங்கே குறிப்பாக வலித்தால் சைக்கிள் கடைக்குப் போவதற்கு முன்னால் எலும்பு டாக்டரிடம் போங்கள். அந்தக் குழிக்கு அடியில் ஸ்காஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு உடைகிற எலும்புகளில் அதுவும் ஒன்று. அதில் விழும் கீறல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடலாம். வெறும் சுளுக்காகவும் இருக்கலாம். வெளியிலிருந்து அதை யாரும் சொல்ல முடியாது. "விழுந்து ஆறு வாரம், வலி இந்த இடத்தில்" என்று தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

சரி, முதல் விழுகைக்கு வருவோம். லெவல் கிராஸிங்கில் தண்டவாளத்துக்கும் அதன் உள்பக்கம் போட்டிருக்கும் காப்புத் தண்டவாளத்துக்கும் நடுவே, ரயில் சக்கரத்தின் விளிம்பு போவதற்காக ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். அது ஐந்து சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உங்கள் டயர் 25 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். சாய்வாகப் போனால் உள்ளே இறங்கத்தான் செய்யும். இங்கே கடைக்காரர்கள் பலர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 40 மில்லிமீட்டர் டயர் போட்டாலும் அந்தப் பள்ளத்தில் இறங்கும். அகல டயர் ஈரமான இரும்பின் மேல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவது கோணம். தண்டவாளத்தைக் கிட்டத்தட்ட நேர் குறுக்காக வெட்டிப் போக வேண்டும், இரும்பின் மேல் இருக்கும்போது பிரேக்கும் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலும் திருப்பக் கூடாது. ரோடே தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கிற இடங்களில் நேர் குறுக்காகப் போக வேண்டுமென்றால் நடு ரோட்டுக்கு ஒதுங்க வேண்டியிருக்கும். பின்னால் பஸ் வந்தால் அது இன்னும் ஆபத்து. அப்படிப்பட்ட கிராஸிங்கில், அதுவும் மழை நேரத்தில், இறங்கி உருட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

இதே கணக்கில் இன்னொரு இடம் இருக்கிறது. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, ஓரத்து மண் ஒரு சாண் கீழே இருக்கும் அல்லவா? பஸ் ஹாரன் அடித்ததும் மண்ணில் இறங்குவோம். அது போனதும் மறுபடி தாருக்கு ஏற, ரோட்டோடு இணையாகவே ஓட்டிக்கொண்டு ஹேண்டிலை லேசாக வலப்பக்கம் திருப்புவோம். டயர் தார் விளிம்பை உரசிக்கொண்டே ஓடும், ஏறாது, உடம்பு மட்டும் வலப்பக்கம் போய்விடும். விழுவது ரோட்டின் உள்ளே, வண்டிகளுக்கு நடுவே. நீங்கள் இன்னும் இதில் விழவில்லை. அம்பாசமுத்திரம் ரோட்டில் ஓட்டுகிறவர் என்பதால் சொல்லி வைக்கிறேன். நின்று, வண்டி வராத நேரம் பார்த்து, நன்றாகத் திருப்பி ஏற்றுங்கள். இங்கே அகல டயர் நிஜமாகவே உதவும்.

இரண்டாவது விழுகைதான் மூன்றிலும் சின்னது, ஆனால் எனக்கு அதிகம் சொன்னது அதுதான். "ஷூ எதிலோ இடித்த மாதிரி இருந்தது, அப்படியே சாய்ந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இடித்தது முன் டயரில். உங்கள் உயரம் 154 சென்டிமீட்டர், தம்பியின் சைக்கிள் 54 அளவு ஃப்ரேம். அது ஐந்தே முக்கால் அடி ஆளுக்கானது. பொதுவாகப் பெரிய ஃப்ரேமில் கால் டயரில் இடிப்பது குறைவுதான். ஆனால் அளவு எட்டாமல் சீட்டின் நுனிக்கு வந்து, குதிங்காலுக்குப் பக்கத்தில் பெடலை வைத்து மிதிக்கும்போது பாதம் முன்னால் நீண்டு நிற்கும். ரோடு பைக்கில் முன் சக்கரம் பெடலுக்கு நெருக்கமாக வேறு இருக்கும். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம் என்பதால் தெரியாது. வாசலில் வளைத்துத் திருப்பும்போதுதான் மாட்டும். இது ஓட்டத் தெரியாததால் நடந்தது இல்லை. அந்த அளவு உங்களுக்கானதே இல்லை. கழுத்து வலி, கை மரப்பு என்று நீங்கள் எழுதியதும் பெரும்பாலும் இதே வேரிலிருந்து வருவதுதான்.

மூன்றாவதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்களே அரை நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். பின்னால் வந்த வண்டிக்கு வலது கையால் சைகை காட்டிக்கொண்டே இடது கையால் பிரேக் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, இடது பிடியை மட்டும் அழுத்திக்கொண்டு முன்னால் தள்ளுங்கள். முன் சக்கரம் பூட்டி, பின் சக்கரம் தூக்கினால் என் சந்தேகம் சரி. நம் ஊர் சைக்கிள்களில் வழக்கமாக வலது பிடி முன் பிரேக், இடது பிடி பின் பிரேக். அமெரிக்காவில் விற்கும் சைக்கிள்களில் இது தலைகீழ். இடது பிடிதான் முன் சக்கரத்துக்கு. சின்ன வயசிலிருந்து இடது கையால் பிடித்தால் பின் சக்கரம் நிற்கும் என்று பழகிய கை, ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் யோசிக்காமல் இறுக்கியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது உடம்பின் எடை முழுக்க முன்னால் சாயும். ஒரே கை ஹேண்டிலில் இருந்தால் அந்த எடையைத் தாங்கிப் பிடிக்கவும் முடியாது. முன் பிரேக் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிற்க வைக்கிற வேலையில் பெரும்பங்கு அதுதான் செய்கிறது, அதைத் தொடவே பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் வேறு விதமாக, வழுக்கி விழுவார்கள். எந்தக் கைக்கு எது என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. தம்பிக்குக் கோபம் வராத மாதிரி இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆக, முதல் விழுகை பாதி ரோடு, பாதி பழக்கம். இரண்டாவது முழுக்க அளவு. மூன்றாவது, என் ஊகம் சரியானால், பிரேக் மாறியிருந்தது. 43 வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என்னிடம் அறுபது தாண்டி முதல் தடவையாகக் கியர் சைக்கிள் வாங்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு வந்திருக்கும் யோசனைகளைப் பார்ப்போம். கடைக்காரர் காட்டியது முன்னால் சஸ்பென்ஷன் வைத்த, 21 கியர் எம்.டி.பி., அதாவது மலைப்பாதை சைக்கிள். "மெத்து மெத்தென்று போகும், பள்ளம் தெரியாது" என்றாராம். அந்த விலையில் வரும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) பெரும்பாலும் உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். அமுங்கியதை மெதுவாகத் திரும்ப விடுகிற டேம்பிங் பெயருக்குத்தான் இருக்கும். ஃபோர்க் மட்டும் இரண்டரை கிலோ வரும். சாதா ஃபோர்க் ஒரு கிலோ சொச்சம். மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் முன்பக்கம் தலையாட்டும், மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். ரெண்டு மழைக்காலம் போனதும் உள்ளே துருப்பிடித்து அமுங்கவும் செய்யாது. கடையில் இப்படி இறுகிப் போன ஃபோர்க்குகளை எத்தனையோ கழற்றியிருக்கிறேன். முரட்டுப் பட்டன் டயர் வேறு, தார் ரோட்டில் உறுமிக்கொண்டே போகும்; ஈரத் தாரில் அதன் பிடிப்பும் மழமழ டயரை விடக் குறைவு. காட்டுப் பாதையில் ஓட்டுவதாக இருந்தால் வேறு கதை. 21 கியர் என்பது முன்னால் மூன்று பல் சக்கரம், பின்னால் ஏழு. அதில் பல கியர்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாகத்தான் இருக்கும்.

தம்பி சொன்ன கிராவல் பைக், அதாவது மண், சரளைப் பாதைக்கும் ஏற்ற ரோடு பைக், கெட்ட யோசனை இல்லை. அகல டயர், நல்ல பிரேக், கேரியர் மாட்டத் துளைகள் எல்லாம் இருக்கும். ஆனால் உங்கள் தொகைக்கு நல்லதாகக் கிடைப்பது கஷ்டம். அதைவிட முக்கியம், வளைந்த ஹேண்டில் பாரில் பிரேக் பிடியை உங்கள் விரல் எட்டிப் பிடிக்கிறதா என்பது. சின்னக் கைகளுக்கு அந்தப் பிடிகள் மேலிருந்து பிடிக்கையில் எட்டாது, நுனி விரலால் மெதுவாக இழுத்து, நிற்கவில்லை என்றதும் பயத்தில் மொத்தமாக இறுக்குவார்கள். ஒரு முறை தூக்கியடித்தவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் சொல்வது, சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட், ரோடு பைக்குக்கும் எம்.டி.பி.க்கும் நடுவில் உள்ள வகை. நேரான ஹேண்டில் பார், அலுமினிய ஃப்ரேம், அலுமினியம் அல்லது ஸ்டீல் ஃபோர்க், டிஸ்க் பிரேக், 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை டயர். எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிள் என்று கேட்டால், டயருக்கு ஃப்ரேமில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். 42 மில்லிமீட்டர் டயரும் அதற்கு மேலே மட்கார்டும் போட இடம் இருந்தால், நாளைக்கு வேகம் வேண்டும் என்று தோன்றினால் 32 போட்டுக்கொள்ளலாம், மழைக்காலத்தில் அகலமாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே சைக்கிள் இரண்டு சைக்கிளாகிறது. 28 மில்லிமீட்டருக்கு மேல் நுழையாத ஃப்ரேமை வாங்கிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பள்ளம் மேட்டுக்கான சஸ்பென்ஷனும் உங்களுக்கு டயர்தான். உங்கள் எடைக்கு 40 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ. அளவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். தம்பி சைக்கிளில் 100 அடித்து ஓட்டிய கைக்கு வித்தியாசம் முதல் வேகத்தடையிலேயே தெரியும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவு அதிகபட்சம். அவ்வளவு அடித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

வாங்கும்போது டியூபில் எந்த வால்வு என்று பாருங்கள். காருக்கும் மோட்டார் பைக்குக்கும் இருக்கும் அதே தடித்த வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கில், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம். தம்பி சைக்கிளில் இருப்பது மெல்லிசான பிரெஸ்டா வால்வு. அதற்கு ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும், அது இல்லாமல் கல்லிடைக்குறிச்சியில் பஞ்சரானால் உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். டயரின் பக்கத்தில் 40-622, 47-584 என்பது மாதிரி இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்றும் 29 இஞ்ச் என்றும் விற்பது இரண்டுமே 622 தான். பழைய 28 இஞ்ச் நாட்டு சைக்கிளின் டயர் 635. பெயரைப் பார்த்து வாங்கி, உட்காராமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

டிஸ்க் பிரேக்கில் கேபிள் வகை, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகை என்று இரண்டு. மணிக்கட்டில் அடிபட்டவர் என்பதால் தொகை இடம் கொடுத்தால் ஹைட்ராலிக் எடுங்கள். ஒரு விரலால் மெதுவாக இழுத்தாலே நிற்கும். கேபிள் வகை கொஞ்சம் பலம் கேட்கும், ஆனால் எந்த ஊர்க் கடையிலும் சரிசெய்துவிடலாம். எது வாங்கினாலும் பிரேக் பிடியில், அது மடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்குரூ இருக்கிறதா என்று பாருங்கள். அதை உள்ளே திருகினால் பிடி ஹேண்டிலுக்கு நெருங்கி வரும். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு பிடியின் மேல் இயல்பாக உட்காரும் வரைக்கும் நெருக்கிக்கொள்ளுங்கள். கடைகளில் இதைச் செய்து கொடுப்பது அபூர்வம், கேட்டு வாங்க வேண்டும். கூடவே வலது பிடி முன் சக்கரத்துக்கு வருகிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். கேபிள் என்றால் அரை மணி நேர வேலை.

கியர் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். உங்கள் பாதையில் மலை இல்லை, காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் பாபநாசம் போகும்போது முழுக்க எதிர்க்காற்று. திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் மிதிப்பது சின்ன மலை ஏறுகிற மாதிரிதான், அதனால் லேசான கியர் வேண்டும். முன்னால் ஒன்று அல்லது இரண்டு பல் சக்கரம், பின்னால் எட்டோ ஒன்பதோ, அதில் பெரியது 32 அல்லது 34 பல் இருந்தால் போதும். பின்னால் ஏழு மட்டும் உள்ளவை பெரும்பாலும் பழைய ஃப்ரீவீல் வகை. கனமான ஆட்கள் ஓட்டினால் அதில் பின் அச்சு வளையும். உங்கள் எடைக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, விலை ரொம்பக் குறைந்தால் யோசிக்கலாம்.

ஃப்ரேமில் மேல் பார் தாழ்ந்து வருகிறதாகப் பாருங்கள். சுடிதாரோடு ஏறி இறங்க, சிக்னலில் டக்கென்று காலை ஊன்ற அது சௌகரியம். லேடீஸ் சைக்கிள் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்; தேவைதான் முக்கியம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது சிலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் விரும்பினார்கள், முன்னால் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை, பின் கேரியரில் காய்கறிப் பையும் மதியச் சாப்பாடும்தான். கேரியரும் மட்கார்டும் மாட்டத் துளைகள் ஃப்ரேமிலேயே இருக்க வேண்டும். பட்டை போட்டு இறுக்குகிற கேரியர் ஒரு மாதத்தில் தொங்கும். துப்பட்டா போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர் என்றால் செயினுக்கு ஒரு கவர், பின் சக்கரத்துக்கு சாரி கார்டு மாதிரி ஒரு வலை. அது பார்க்க அழகாக இருக்காது, போட்டுக்கொள்ளுங்கள். ஹேண்டில் பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கழன்ற சைக்கிளில் விழுந்தால் வெறும் குழாய் வயிற்றில் குத்தும். வீட்டில் பிள்ளைகள் சைக்கிள் இருந்தால் அதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அளவுதான் எல்லாவற்றுக்கும் மேல். வெறுங்காலில் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேல் வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் கம்பி சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை வர வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 70 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 62. இது தொடங்குவதற்கான கணக்குத்தான்; முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பொதுவாகத் தாழ்வு, பின்பக்கம் இழுத்தால் உயரம் என்று அரை அரை சென்டிமீட்டராக மாற்றிப் பார்க்க வேண்டும். பயம் தெளியும் வரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தி ஓட்டுவதில் தப்பில்லை. கடையில் சீட்டில் உட்கார்ந்து, பெடல் கம்பிகளைத் தரைக்கு இணையாக வைத்து, ஹேண்டிலைத் திருப்பி ஷூ டயரில் இடிக்கிறதா என்று பாருங்கள். மட்கார்டு மாட்டிய பிறகு பார்த்தால் இன்னும் நல்லது. உங்கள் உயரத்துக்கு 700சி சக்கரத்தில் எக்ஸ்.எஸ். அளவில் இடித்தால் 27.5 இஞ்ச் சக்கரம் உள்ளதைக் கேளுங்கள். "எம்.தான் ஸ்டாக்கில் இருக்கிறது, சீட்டை இறக்கித் தருகிறேன்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சீட்டை இறக்கலாம், நீளத்தைக் குறைக்க முடியாது.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போவது உள்ளங்கையில் ஓடும் நரம்பு அழுந்துவதால். நிமிர்ந்து உட்கார்ந்தாலே பெரும்பாலும் குறையும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு சரிந்து கையில் போய் உட்காரும், அதையும் மட்டமாக வையுங்கள். அளவு மாறியும் மரப்பு நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. உறுதி இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் பிரேக் போட்டால் விழுவது குறையும் என்று விற்பார்கள். மழையில், சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக்கை விடச் சீக்கிரம் பிடிக்கும் என்பது நிஜம், அதனால் விழுவதே குறையும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், பழகாத கைக்கு அது கூடுதல் வேகமாகவும் பூட்டும். எந்த சீட் வலிக்காது என்பதும் அப்படித்தான். நடுவில் பிளந்த சீட் ஒருவருக்குச் சொர்க்கம், இன்னொருவருக்கு ரணம்; ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கிளவுஸ் எலும்பு உடைவதைத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன், உள்ளங்கைத் தோல் உரிவதைத் தடுக்கும், அதுவே போடுவதற்குப் போதுமான காரணம். ஹெல்மெட் தாடையைக் காப்பாற்றாது என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனால் தாடை படுவதற்கு முன்னால் ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கம் தரையில் மோதியதாக எழுதியிருக்கிறீர்கள். வெளியே கீறல் மட்டும்தான் என்றாலும் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்குவதற்காகச் செய்தது, நசுங்கியது வெளியே தெரியாது.

புது சைக்கிள் வந்ததும் நேராகப் பாபநாசம் கிளம்பாதீர்கள். காலியான மைதானத்தில், மெதுவான வேகத்தில், பிட்டத்தைச் சீட்டில் கொஞ்சம் பின்னால் தள்ளி, கைகளை விறைத்து ஊன்றிக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக இறுக்கி நிறுத்திப் பழகுங்கள். பிறகு கொஞ்சம் வேகம் கூட்டி. பின் சக்கரம் லேசாக வழுக்கினால் முன் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று கைக்குத் தானாகத் தெரியும் வரை. சைகை காட்டுவதென்றால் முதலில் காட்டிவிட்டு, கையைத் திரும்ப ஹேண்டிலில் வைத்த பிறகு பிரேக். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்லும் மின்சார சைக்கிளைப் பற்றி ஒரு வரி. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் அது கனமானது; மணிக்கட்டு முழுக்கக் குணமாகும் வரை அதைத் தூக்கித் திருப்பி நிறுத்துவதே சிரமம். அந்த யோசனையை ஒரு வருஷம் கழித்து எடுத்துக்கொள்ளலாம்.

தம்பியின் சைக்கிளை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், தூக்கியடித்த சைக்கிள் என்று சொல்லிக் கொடுங்கள். அந்த மாதிரி ரோடு பைக்குகளில் ஃபோர்க் கார்பனில் வருவது உண்டு. கார்பன் என்றால் உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் பெயிண்டுக்கு மேலே தெரியாமல் இருக்கலாம். ஃபோர்க்கையும் ஹேண்டில் பாரையும் கழற்றிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பார்க்காமல் யாரும் அதில் ஏற வேண்டாம். பிரேக் கேபிள்களை மாற்றி வலது பிடியை முன் சக்கரத்துக்குக் கொண்டுவந்தும் கொடுங்கள். புத்தகம் வைத்து அளந்த உள்கால் அளவையும், இடது பிடிச் சோதனையில் என்ன ஆனது என்பதையும் இங்கே எழுதினால், எந்த அளவு ஃப்ரேம் என்று இன்னும் சரியாகச் சொல்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்றும் எழுதுங்கள். கட்டு போட வேண்டும் என்றால் சைக்கிள் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.